ஆலையை மட்டும் நம்பாத ஆப்பிள் விவசாயிகள்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



விளைந்த பழத்தை ஆலைக்காரர் சொல்கிற விலைக்கே போட வேண்டியிருந்தால் என்ன கஷ்டம் என்பது, கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைக்குப் பழம் அனுப்புகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கிலாந்து ஆப்பிள் விவசாயிகளுக்கும் இதே கஷ்டம் உண்டு. அவர்களில் சிலர் அதற்கு என்ன வழி செய்துகொண்டார்கள் என்பதை இன்றைக்குப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் மேற்கே ஹெரிஃபோர்டுஷயர், சோமர்செட் என்ற பகுதிகளில் சைடர் என்கிற பானம் பிரசித்தம். ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்துச் செய்கிற மது அது. அதற்கென்றே டேபினெட், கிங்ஸ்டன் பிளாக் போன்ற தனி ரகங்கள் உண்டு. கடித்துப் பார்த்தால் ஒரே துவர்ப்பு. தின்னும் பழமாகச் சந்தையில் விலை போகாது. ஆனால் அந்தத் துவர்ப்புதான் பானத்துக்கு ருசி. ஆகவே இந்த மரத்தை வைத்தவருக்கு ஆலையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

ஹெரிஃபோர்டு நகரில் 1887-ல் பல்மர் கம்பெனி ஆரம்பித்தது. பிற்காலத்தில் பெரிய ஆலைகள் நீண்ட கால ஒப்பந்தம் போட்டு, விவசாயிகளைத் தோப்பு வைக்கச் சொன்னார்கள். 2006-ஐ ஒட்டி, ஐஸ் போட்டு சைடர் குடிக்கும் வழக்கம் பரவியது. தேவை ஏறியது, புதுத் தோப்புகளும் பெருகின. பிற்பாடு குடிக்கிறவர் ருசி மாறிவிட்டது. ஆலையில் பழம் மிஞ்சியது. ஒப்பந்தம் முடிந்தவர்கள், நன்றாகக் காய்க்கிற மரத்தை வெட்டுவதா வேண்டாமா என்று கையைப் பிசைந்தார்கள்.

அப்போது பலருக்கும் கைகொடுத்தது ஒரு பழைய சலுகை. 1976-ல் சைடருக்கு வரி போட்டபோதே, ஆண்டுக்கு 7,000 லிட்டருக்குள் தயாரிக்கும் சிறு உற்பத்தியாளருக்கு அந்த வரியிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். இன்றும் அது இருக்கிறது. ஒரு டன் பழத்தில் சுமார் 600 லிட்டர் சாறு என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 12 டன் பழத்தை விவசாயி தன் களத்திலேயே பிழிந்து விற்கலாம்.

எப்படிச் செய்கிறார்கள்? பழுத்து விழுந்த பழத்தைப் பொறுக்கி, இரண்டு வாரம் குவித்துக் கனிய விடுகிறார்கள். கழுவி, அரைத்து, துணியில் மடித்து அடுக்கிப் பிழிகிறார்கள். சாறு பீப்பாயில் குளிர்காலம் பூராவும் நிதானமாகப் புளிக்கும். சக்கை மாட்டுக்குத் தீவனம். அந்நாட்டில் 2010 முதல் உள்ள விதிப்படி 35 சதவீதம் பழச்சாறு இருந்தாலே சைடர் என்று விற்கலாம். சிறு விவசாயியோ பெரும்பாலும் முழுச் சாற்றிலேயே செய்கிறார். அதைச் சொல்லித்தான் கூடுதல் விலை கேட்கிறார்.

இரண்டு விஷயத்தில் அவர்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள். தோப்பில் ஆடு மேய்ப்பதுண்டு. ஆனால் அறுவடைக்கு 8 வாரம் முன்பே ஆட்டை வெளியேற்றிவிட வேண்டும். பழம் தரையில் விழுவதால் புழுக்கை அசுத்தம் ஒட்டும். இன்னொன்று, பீப்பாயில் காற்றுப் புகக் கூடாது. புகுந்தால் அவ்வளவும் காடியாகிவிடும்.

இதில் லாபம் கொட்டுகிறது என்று எண்ண வேண்டாம். பிழிபொறி, பீப்பாய், பாட்டில் எல்லாம் செலவு. இலையுதிர் காலத்தில் பிழிந்தது காசாக அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். விற்கவும் அலைய வேண்டும். அதனால் விவரமானவர்கள் ஒரு பங்கைத் தாங்கள் பிழிந்து, மீதியை ஆலைக்கே போடுகிறார்கள்.

நம் ஊரில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். யாரும் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. மரம் 30 வருஷம் நிற்கும், வாங்குகிறவர் மனசு 5 வருஷத்தில் மாறிவிடும். எனவே மரம் வைக்கும் முன்பே, இந்தப் பழத்தை இன்னொருவர் வாங்குவாரா, நாமே வற்றலாகவோ ஊறுகாயாகவோ பண்டமாக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அது எத்தனை வருஷத்துக்கு, முடிந்த பிறகு என்ன என்று வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.