ஊர்ப் பொருளும் சங்கத்தின் சொல்லும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், இளைஞர் பகுதியின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



ஊரிலே செய்யப்படும் பொருள்களைச் சங்கத்தின் வாயிலாக விற்று, அதனால் வரும் ஊதியத்தைக் கொண்டு சங்கத்தை நடத்தலாமா என்பதே இன்று எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட விடயம். நடத்தலாம் என்பதே இளைஞராகிய எமது விடை. ஆயினும் அவ்விடையோடு சில நிபந்தனைகளும் உண்டு. அவற்றைக் கைவிட்டால் சங்கம் இன்னொரு தரகராக மாறிவிடும். ஊரிலே தரகருக்குப் பஞ்சமில்லை.

சங்கத்துக்குப் பணம் எவ்வாறு வருகின்றது என்பது சபையோர் அறியாததன்று. அங்கத்தவர் சந்தா ஒரு சிறுதுளி. மிகுதிக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்கிறோம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம்மூரவருக்கு எழுதுகிறோம். அவர்கள் முகஞ்சுளியாது தருகிறார்கள். அதற்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆயினும் ஆண்டுதோறும் கேட்டு வாங்கும் கைக்குத் தன்னுரிமை குறைவு. இளைஞர் தம் உழைப்பினால் ஒரு ரூபாவேனும் ஈட்டிச் சங்கத்தில் இடும்போது, சங்கம் தம்முடையது என்ற எண்ணம் தானே பிறக்கும்.

இனி, மறுபக்கத்தைப் பாருங்கள். எம்மூரில் என்ன பொருள் இல்லை? சார்வோலையை வெட்டிக் காயவைத்து, வார்ந்து, சாயமிட்டுப் பெட்டியும் பாயும் இழைக்கும் தாய்மார் இருக்கிறார்கள். கடகமும் சுளகும் நீற்றுப்பெட்டியும் அவர்கள் கையிலேதான் உருவாகின்றன. கருப்பணியைக் காய்ச்சிக் குட்டான்களில் வார்க்கும் பனங்கட்டி உண்டு. ஒடியலும் புழுக்கொடியலும் பனாட்டும் உண்டு. வறுத்து இடித்த மிளகாய்த்தூளும், செக்கிலாட்டிய நல்லெண்ணெயும் உண்டு. இவற்றுள் எதையும் செய்பவர் திறமையற்றவர் என்று எவரும் சொல்லத் துணியார். அவர்களுக்கு இல்லாதது வாங்குவோரிடம் போய்ச் சேரும் வழி. நீண்ட போர் 2009இல் முடிந்தபோது, குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்கள் எம் பகுதியில் மிகப் பலராய் இருந்தார்கள். அவர்களுட் பலருக்குக் கைத்தொழிலே துணையாயிற்று. பிள்ளையையும் முதியோரையும் வீட்டில் விட்டுவிட்டுப் பட்டணத்துக் கடைகளுக்கு அலைய அவர்களால் இயலாது. ஆகவே வாசலுக்கு வருபவர் சொல்லும் விலையே விலையாகிறது.

இடையிலுள்ள வியாபாரியை நாம் கள்வர் என்று தூற்றவில்லை. அவருக்கும் ஏற்றுகூலி உண்டு. கடை வாடகை உண்டு. விற்காமற் கிடந்து பூஞ்சணம் பிடிக்கும் பொருளின் நட்டமும் உண்டு. எமது குறை வேறு. பொருளின் விலை எவ்வாறு பிரிகின்றது என்பது செய்தவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அந்த இருளிலேதான் அநீதி வளர்கின்றது.

இளைஞர் கூடி ஊர்ப்பொருளுக்காக உழைப்பது எமது மண்ணுக்குப் புதிதன்று. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது, அவரை அழைத்து வரவேற்றவர்கள் மாணவர் காங்கிரசைச் சேர்ந்த இளைஞர்களே. அவருடைய இலங்கைப் பயணத்தின் நோக்கம் கதர் நிதி திரட்டுவது. எங்கோ ஒரு குடிசையில் நூல் நூற்பவரின் கூலிக்காக இங்குள்ள மாணவர் பாடுபட்டனர். அந்த இயக்கத்தின் முன்னோடியான ஹண்டி பேரின்பநாயகம் அவர்கள் யாழ்ப்பாணக் கல்லூரியிற் பயின்றவர். மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் ஊரை மறந்துவிடுவார்கள் என்று அக்காலத்தில் முணுமுணுத்தவர்களுக்கு அவர் வாழ்வே விடை. அத்தகைய பாடசாலையிலிருந்தே வந்த எமக்கும் அவ்விடை ஓர் ஆறுதல்.

பின்னாளில் யாழ்ப்பாணத்தில் மில்க்வைற் சவர்க்காரத் தொழிலகத்தை நடத்திய க. கனகராசா அவர்கள், ‘மில்க்வைற் செய்தி’ என்ற இதழையும் வெளியிட்டார். பனை வளர்ப்பையும் ஊக்கினார். இதழின் பெயரிலேயே சவர்க்காரத்தின் பெயர் இருந்தது. ஆகவே அதை யார் நடத்துகிறார், ஏன் நடத்துகிறார் என்பதில் வாசகருக்கு எவ்வித மயக்கமும் இருந்திருக்க முடியாது. வெளிப்படையாக நடந்தால் வியாபாரமும் ஊர்ப்பணியும் ஒரே பந்தியில் உட்காரலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

கடல் கடந்த சான்றுகளும் உண்டு. இங்கிலாந்தின் றொச்டேல் நகரிலே 28 பேர் சேர்ந்து, 28 பவுண் முதலோடு, 1844 டிசம்பர் 21ஆந் திகதி ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா, மெழுகுதிரி, இவ்வளவே சரக்கு. மாவிலே கலப்படம் மலிந்திருந்த அந்நாளில், தூய பொருளும் நிறைந்த நிறையுமே அவர்களின் விளம்பரமாயின. பின்னர் உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதத்தைக் கல்விக்கென ஒதுக்கி வாசிகசாலையும் நடத்தினார்கள். பம்பாயிலே 1959இல் ஏழு பெண்கள் 80 ரூபா கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுவே இன்று லிஜ்ஜத் என்று நாடறிந்த நிறுவனம். அமெரிக்காவிலே எட்னா றூத் பைலர் என்னும் அம்மையார் 1946இல் போட்டோ றிக்கோவுக்குச் சென்று, அங்குள்ள பெண்களின் தையல் வேலைகளைக் கொண்டுவந்து தம் அயலவருக்கு விற்றார். அவர் தொடக்கிய பணி இப்போது ‘பத்தாயிரம் கிராமங்கள்’ என்ற பெயரால் வழங்குகின்றது. பொருளுக்குக் கட்டளை கொடுக்கும்போதே பாதிப் பணத்தையும், அனுப்பும்போது மீதியையும் செய்தவருக்குக் கொடுப்பது அந்நிறுவனத்தின் வழக்கம். இந்த வழக்கத்தைச் சபையோர் நினைவில் வைக்க வேண்டும். இதுவே எமது முதல் நிபந்தனைக்கு அடிப்படை.

முதல் நிபந்தனை: செய்தவருக்கு முதலிற் பணம். “விற்றபின் தருகிறோம், வைத்துவிட்டுப் போங்கள்” என்று சொல்வது எமக்கு எளிது. ஆனால் விற்கும் வரையில் அந்தத் தாயின் பணமே எமது முதலாகின்றது. இல்லாதவரிடம் இருப்பவர் கடன் வாங்குவதற்கு ஒப்பானது அது. ஆகவே பொருளைக் கையேற்கும்போதே விலையைக் கொடுத்துவிட வேண்டும். விற்காவிட்டால் நட்டம் சங்கத்துக்கு. அந்தப் பயம் இருந்தால்தான் விற்பதற்கு நாமும் ஓடியாடி உழைப்போம்.

இதற்கு முதல் எங்கே என்று பொருளாளர் கேட்பார். ஒரு கணக்கை உதாரணமாக வைக்கிறோம். ஒரு பெட்டியின் விற்பனை விலை 600 ரூபா என்று கொள்வோம். அதில் இழைத்தவருக்கு 450 ரூபா; சங்கத்துக்கு 90 ரூபா; பொதி கட்டவும், பழுதுபட்டதற்கும், சில்லறைச் செலவுக்கும் 60 ரூபா. தபாற் செலவு வாங்குபவருடையது. முதன்முறை இருபது பெட்டிகள் மாத்திரம் எடுப்போம். இழைத்தவருக்குக் கொடுக்க 9000 ரூபா வேண்டும். முப்பது இளைஞர் ஆளுக்கு 300 ரூபா இட்டால் அத்தொகை சேர்ந்துவிடும். இருபதும் விற்றால் 12,000 ரூபா வரும். இட்ட 9000 திரும்பிவரும், செலவுக்கு 1200, சங்கத்துக்கு 1800. இது பெருந்தொகையன்று. இதைக் கொண்டு மண்டபம் கட்ட முடியாது. ஆனால் வாசிகசாலைக்குச் சில புத்தகங்கள் வாங்கலாம். அப்புத்தகங்களை யாரிடமும் கேட்டுப் பெறவில்லை என்று நிமிர்ந்து சொல்லலாம்.

இரண்டாவது நிபந்தனை: எமது பங்கை வெளிப்படையாகச் சொல்வது. பொருளோடு ஒரு சிறு துண்டு வைப்போம். இழைத்தவருக்கு இவ்வளவு, சங்கத்துக்கு இவ்வளவு, செலவுக்கு இவ்வளவு என்று அதில் அச்சிடுவோம். இச்சங்க மலரிலே ஒரு பொருளைப் பாராட்டி எழுதினால், அதன் விற்பனையிற் சங்கத்துக்குப் பங்கு உண்டு என்பதையும் அதன் கீழேயே எழுதுவோம். விலை எவ்வாறு பிரிகின்றது என்று தெரிந்தால் வாங்குபவர் பேரம் பேசமாட்டாரா என்று சிலர் அஞ்சலாம். பேசட்டும். எவருடைய கூலியிற் குறைக்கச் சொல்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு பேசட்டும். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் மிகையாகக் கொள்ளாமலும் குறைத்துக் கொடாமலும் விற்றமையைப் பட்டினப்பாலை புகழ்கின்றது. வள்ளுவர் வணிகருக்கு உரிய அறத்தை வைத்த இடமோ நடுவுநிலைமை அதிகாரம். வாங்குபவருக்கும் செய்பவருக்கும் இடையே நிற்பவன் தராசின் முள்ளைப் போல நிற்க வேண்டும் என்பது எம் முன்னோருக்குப் புதிய செய்தியன்று.

மூன்றாவது நிபந்தனை எல்லாவற்றிலும் கடினமானது: நல்லதை மாத்திரம் நல்லது என்று சொல்வது. ஊரவர், உறவினர் என்ற தாட்சணியம் எம்மிடம் அதிகம். பனங்கட்டியிலே வெள்ளைச் சீனி கலந்திருக்கிறது என்று தெரிந்தும் வாய்மூடி விற்றால், முதலில் ஏமாறுபவர் வாங்குபவர். அடுத்துக் கெடுபவர், கலப்பில்லாமற் காய்ச்சும் அயல்வீட்டார். சரியாக உலராத ஒடியலிற் பூஞ்சணம் பிடிக்கும். மாரியிலே மூடாமல் வைத்த பனங்கட்டி கசியும். இவற்றைப் பார்த்து, தொட்டு, வேண்டியபோது திருப்பிக் கொடுக்க ஒரு சிறு குழு வேண்டும். அக்குழுவில் இளைஞர் மாத்திரம் இருந்தால் போதாது. நல்ல ஒடியல் எது என்பது பட்டதாரிக்குத் தெரியாது, பாட்டிக்குத் தெரியும். ஆகவே அனுபவமுள்ள தாய்மார் இருவரேனும் அதில் இருக்க வேண்டும். பழுதைக் கண்டால் காரணத்தையும் சொல்லித் திருத்த உதவ வேண்டும். உண்ணும் பொருள்களுக்கு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உண்டு. சுட்டுத்துண்டு எவ்வாறு அமைய வேண்டும் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்னரே கேட்டு நடப்பது நலம். அதுவரையில் பெட்டி, பாய், சுளகு என்பவற்றோடு தொடங்குவதே புத்தி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொருள் வாங்க அனுதாபத்தைத் தூண்டுவது இலகுவான வழி. போரில் கணவரை இழந்தவர், ஏழை, எனவே வாங்குங்கள் என்று படம் போட்டு விற்கலாம். அதை நாம் செய்யக்கூடாது. பெட்டி உறுதியானது, இழை நெருக்கமானது, விளிம்பு நன்றாகப் பொத்தப்பட்டது. அதற்காக வாங்குங்கள் என்று சொல்வோம். இழைத்தவர் விரும்பினால் அவர் பெயரைப் போடுவோம்; விரும்பாவிட்டால் ஊர்ப்பெயர் போதும். அவருடைய கைத்திறனே விற்பனைக்கு உரியது. கண்ணீர் அவருக்கே உரியது.

பெரியோர் சிலர் வேறொரு கேள்வி கேட்பார்கள். “இதற்கென்று அரசாங்க நிறுவனங்கள் இருக்கின்றனவே, சங்கம் எதற்கு?” என்பார்கள். உண்மைதான். பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்பட்டது. தேசிய அருங்கலைகள் பேரவை 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. அவற்றோடு போட்டியிட நாம் முனையவில்லை. பயிற்சியும் கருவியும் கடனும் அவற்றிடம் பெறலாம். ஆனால் எந்த வீட்டில் யார் என்ன இழைக்கிறார், இந்த மாதம் யாருக்குச் சுகமில்லை, ரொறன்ரோவில் இருக்கும் எந்த ஊரவர் பிள்ளையின் கல்யாணத்துக்கு நூறு சிறு பெட்டிகள் தேடுகிறார் என்பவையெல்லாம் சங்கத்துக்குத் தெரியும். முன்பு கடிதம் போய்வர ஒரு மாதம். இன்று கைத்தொலைபேசியிலே படம் எடுத்து அனுப்பினால் அன்று மாலையே பதில் வருகின்றது. அறிமுகம் எம்மிடம் இருக்கிறது. கருவியும் கையில் இருக்கிறது. வேண்டியது ஒழுங்கு.

அந்த ஒழுங்குக்காகவே நாலாவது நிபந்தனை. விற்பனைக் கணக்கு சங்கக் கணக்கோடு கலக்காமல் தனியே இருக்க வேண்டும். பணம் வாங்குபவர் ஒருவர், பதிபவர் வேறொருவர் என்று இருக்க வேண்டும். மாதந்தோறும் கணக்கை வாசிகசாலைப் பலகையில் ஒட்ட வேண்டும். இழைத்த தாயும் அதன் முன் நின்று வாசிக்க உரிமையுள்ளவர். கணக்கிற் குழப்பம் வந்தால் நட்டமாவது சில ஆயிரம் ரூபாவோடு நிற்காது. சங்கத்தின் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருக்காது. அந்தச் சொல்லை நம்பித்தான் முன்பின் பாராத பெட்டியை இலண்டனில் ஒருவர் வாங்கப்போகிறார். உண்மையில் எம்மிடம் விற்க இருப்பது அந்தச் சொல் ஒன்றே. பெட்டி இழைத்தவருடையது, பணம் வாங்குபவருடையது, இடையில் நாம் இடுவது சொல். நூற்றுக்குப் பதினைந்து வீதம் நாம் பெறுவது அதற்கான கூலி. சொல் பொய்த்தால் அந்தக் கூலிக்கு நாம் உரியவர்களல்லர்.

ஆகவே இச்சபையின் முன் எமது வேண்டுகோளை வைக்கிறோம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதற்கென ஓர் உபகுழுவை நியமியுங்கள். இளைஞர் மூவர், தாய்மார் இருவர், கணக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் போதும். இருபது பெட்டிகளோடு தொடங்குவோம். ஓராண்டு நடத்திப் பார்த்து, அடுத்த ஆண்டு விழாவிலே கணக்கை இம்மேடையில் வாசிப்போம். இலாபம் வந்ததா என்று கேட்பதற்கு முன்னே, இழைத்தவர் ஒவ்வொருவருக்கும் அன்றன்றே பணம் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். அக்கேள்விக்கு ஆம் என்று விடை சொல்லக் கூடியவாறு நாம் நடந்துகொள்வோம்.