மங்கலாகத் தெரியும் பழைய கீபோர்டுகள்

ஒரு விசையைத் தட்டினால் எழுத்து இரண்டு முறை விழுகிறது. இல்லை, விழவே மறுக்கிறது. உடனே புது கீபோர்டு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள் பலர்.

முதலில், விண்டோஸ் வருமுன் பயாஸ் திரைக்குள் போய்த் தட்டிப் பார்க்கலாம். அங்கே ஒழுங்காக வேலை செய்தால், கோளாறு பெரும்பாலும் மென்பொருளில்தான்.

அப்படியென்றால், விண்டோஸ் வைத்திருக்கும் பழைய பதிவுகளைப் பார்க்க வேண்டும். ஒரே யுஎஸ்பி கீபோர்டை வேறு வேறு துளையில் செருகினால், விண்டோஸ் பல நேரம் அதைப் புதிய சாதனமாகவே பதிந்துகொள்ளும். கழற்றினாலும் பதிவு போகாது. டிவைஸ் மேனேஜரில் 'வியூ' பட்டியலைத் திறந்து, 'ஷோ ஹிட்டன் டிவைசஸ்' என்பதைச் சொடுக்கினால், எப்போதோ தூக்கிப்போட்ட கீபோர்டுகூட மங்கலாக எட்டிப்பார்க்கும். எக்ஸ்பி காலத்தில் இதற்கே தனிக் கட்டளை தட்ட வேண்டியிருந்தது!

மங்கலானவற்றையும் தகராறு செய்வதையும் 'அன்இன்ஸ்டால்' செய்து, மவுஸாலேயே ரீஸ்டார்ட் கொடுத்தால், தேவையான டிரைவரை விண்டோஸே மறுபடி போட்டுக்கொள்ளும்.

விசைக்கடியில் காபி கொட்டியிருந்தால் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது.