லாரியும் எலுமிச்சம்பழமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



‘உனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசு’ என்றார் சங்கச் செயலாளர். ஒரு விஞ்ஞானியை எதிர்பார்த்திருப்பார். நான் எடுத்துக்கொண்டது நம்மைச் சிரிக்க வைத்த விவேக் அவர்களை.

1961 நவம்பர் 19-இல் பிறந்தவர். கோவில்பட்டிச் சீமைக்காரர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வணிகவியல் படித்தார். தேர்வாணையத் தேர்வு எழுதிச் சென்னைத் தலைமைச் செயலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நம்ம ஊர்ப் பக்கம் கேட்டால், “அப்புறம் என்னப்பா, வாழ்க்கை செட்டில்!” என்பார்கள். அவர் அந்த வேலையை விட்டுவிட்டு ஓடவில்லை. பகலில் கோப்பு பார்த்தார். ஓய்வு நேரத்தில் மெட்ராஸ் ஹியூமர் கிளப் மேடையில் ஏறினார். இன்று நாம் ஸ்டாண்ட்-அப் காமெடி என்கிறோமே, அதைத்தான் அங்கே செய்தார்கள். கையில் மைக், எதிரே கூட்டம், அவ்வளவுதான். சிரித்தால் தேறினோம், சிரிக்காவிட்டால் வீட்டுக்குப் போய் மறுபடி எழுத வேண்டும். அந்த கிளப்பை நடத்திய பி. ஆர். கோவிந்தராஜன் மூலமாகத்தான் இயக்குநர் கே. பாலசந்தரின் அறிமுகம் கிடைத்தது. 1987-இல் ‘மனதில் உறுதி வேண்டும்’ முதல் படம்.

தம்பிகளே, இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் படம் 1987. ‘ரன்’ வந்தது 2002-இல், ‘சாமி’ 2003-இல். நடுவில் பதினைந்து வருடம்! கதாநாயகனுக்கு நண்பனாக, நாலு காட்சிக்கு வந்து போகிறவராக எத்தனையோ படங்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் இரண்டு கம்பெனி கைவிரித்ததும் முகம் வாடிப்போகிறவர்கள் இந்தப் பதினைந்து வருடத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். 2009-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவரை மக்கள் ‘சின்னக் கலைவாணர்’ என்றார்கள். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனைப் போலவே, சொன்னால் கோபம் வரக்கூடிய விஷயத்தைச் சிரிப்பில் வைத்துக் கொடுத்தவர். லாரியில் எலுமிச்சம்பழம் கட்டுவதை அவர் கேலி செய்த காட்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இத்தனை ஸ்பேர் பார்ட்ஸ் இருந்தும் ஓடாத வண்டி, ஒரு பழத்திலா ஓடப்போகிறது என்று கேட்பாரே!

அரியலூர்க்காரனுக்கு அது வெறும் காமெடி இல்லீங்க. சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் போகிற ரோட்டில்தான் நம் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். நான் ஒரு சிமெண்ட் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். டிரைவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதும் என் வேலை. விதிமுறைகளைப் படித்தால் கொட்டாவி விடுவார்கள். ஒருநாள் இந்தக் காட்சியைச் சொன்னேன். கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, “சார், என் வண்டியில பிரேக் ஒரு பக்கம் இழுக்குது. ஒருநாள் நிறுத்திப் பார்க்கணும். ஒரு நடை குறைஞ்சா ஓனர் ஒத்துக்க மாட்டாரு” என்றார். அன்றே அந்த வண்டியை நிறுத்திப் பார்த்தோம். பிரேக் லைனிங் தேய்ந்து போயிருந்தது. எத்தனை சுற்றறிக்கை ஒட்டியும் வெளியே வராத உண்மை, ஒரு சிரிப்பில் வந்தது. சிரித்தவன் பயம் விட்டுப் பேசுகிறான். விவேக்கின் தொழில் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்துல் கலாம் அவர்கள் கேட்டுக்கொண்டதற்காக, ஒரு கோடி மரக்கன்று நடும் வேலையை எடுத்துக்கொண்டார். 2021 ஏப்ரல் 17-இல், 59 வயதில் காலமானபோது 33 லட்சத்தைத் தாண்டியிருந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. 2022-இல் சென்னையில் அவர் வாழ்ந்த பகுதிச் சாலைக்கு அரசு அவர் பெயரைச் சூட்டியது. மீதிக் கன்றுகளை யார் நடுவது என்பது நமக்கான கேள்வி.

அதனால் இரண்டு வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நம் கல்லூரியில் ஒரு மைக்கை வையுங்கள். மாணவர், லேப் அட்டெண்டர், பஸ் டிரைவர், யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடம் பேசட்டும். ஹாஸ்டல் சாம்பாரைக் கேலி செய்யலாம். சாதியையும் வரதட்சணையையும் கூடக் கேலி செய்யலாம். உருவத்தையும் நிறத்தையும் மட்டும் விட்டுவிடுங்கள். அடுத்தது, ஒவ்வொரு செட்டும் பத்துக் கன்று. நட்டு ஃபோட்டோ எடுப்பது சுலபம். பெரம்பலூர், அரியலூர் சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றுவதுதான் வேலை. லீவில் ஊற்றுவதற்கு ஆள் வேண்டும் என்றால், உள்ளூரில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் நாங்கள் முறை வைத்து வருகிறோம். முதல் வாரம் என்னுடையது.