எழுந்து நிற்றல்



எமது பாடசாலையில் காலைப் பிரார்த்தனையின்போது ஒரு மாணவி அடிக்கடி தலைசுற்றி அமர்ந்துவிடுவாள். அதிபராகிய யான் அதனைப் பாசாங்கென்று கருதிக் கடிந்துகொண்டேன். அவளைப் பரிசோதித்த வைத்தியரே என் அறியாமையை அகற்றினார்.

படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லீற்றருக்கு மேற்பட்ட குருதி கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகின்றது. கழுத்திலும் இதயத்தருகிலுமுள்ள நாடிகளின் உணர்முனைகள் அமுக்கம் குறைவதை உடனே அறிவிக்கின்றன. தன்னாட்சி நரம்புத் தொகுதி குருதிக் குழாய்களைச் சுருக்கி, இதயத் துடிப்பை விரைவாக்கி, மூளைக்குச் செல்லும் குருதியைக் காக்கின்றது. இவையாவும் சில விநாடிகளில் நிகழ்வன.

அந்நரம்புகள் பழுதுற்றால் என்னவாகும்? எழுந்து நின்றதும் குருதியமுக்கம் சரியும் நோயாளர் மூவரைப் பற்றி 1925ஆம் ஆண்டில் பிராட்பரி, எகிள்ஸ்டன் என்னும் வைத்தியர்கள் எழுதினர். நின்ற 3 நிமிடங்களுள் அமுக்கத்தின் மேலெண் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் அதனை இக்குறைபாடென இன்று கொள்வர். நீரிழிவும் பார்க்கின்சன் நோயும் இதற்குக் காரணமாகலாம்.

வேறு சிலருக்கோ அமுக்கம் வீழ்வதில்லை. துடிப்பு மட்டும் மிக உயர்கின்றது. அவர்களிடத்தும் மூளைக்குச் செல்லும் குருதி குறையக்கூடுமென ஆய்வுகள் காட்டியுள்ளன. எம் மாணவி இவ்வகையினள். எனவே, அமுக்கம் சரியாக உள்ளதெனக் கூறி ஒருவரது முறைப்பாட்டைப் புறக்கணித்தல் தகாது.

மயங்குபவரைக் கிடத்திக் கால்களை உயர்த்துங்கள். பின்னர் வைத்தியரிடம் அனுப்புங்கள். கடிந்துரைத்தல் மருந்தாகாது. அம்மாணவி இப்பொழுது வரிசையின் ஓரத்திலே கதிரையில் அமர்ந்து பிரார்த்திக்கின்றாள். அக்கதிரையை இட்டவன் யானே.