சூடு தராத ஹீட்டர்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் எவரும் நாடாத காரின் ஹீட்டர், மார்கழியில் உதகை மலையேறும்போது குளிர்காற்றையே வீசுமானால், அதன் காரணம் நம் ஊர் ஜலத்திலேயே இருக்கக்கூடும். சுண்ணாம்புப் பாறை நிறைந்த அரியலூர்ப் பிரதேசத்தின் கடின நீரை ரேடியேட்டரில் ஊற்றி வந்தால், அதன் உப்பு ஹீட்டரின் நுண்குழாய்களில் படிந்து அடைத்துவிடுகிறது.

எஞ்சின் சூடேறியபின் நிறுத்தி, ஹீட்டருக்குச் செல்லும் இரு ரப்பர் குழாய்களையும் எச்சரிக்கையோடு தொட்டுப் பாருங்கள். ஒன்று உஷ்ணமாகவும் மற்றது சீதளமாகவும் இருந்தால் அடைப்பு. இரண்டுமே குளிர்ந்திருந்தால் கூலன்ட் குறைவு, அல்லது சுமார் 80 டிகிரி வரை மூடியிருக்க வேண்டிய தெர்மோஸ்டாட் வால்வு திறந்தே நிற்கிறது. கோடைக்கு அஞ்சி அந்த வால்வையே கழற்றி எறிவது பெருந்தவறு.

அடைப்பானால், எஞ்சின் நன்கு ஆறிய பிறகு, ஹீட்டரை எதிர்த்திசையில் நீர்விட்டு அலசி, காய்ச்சி வடித்த நீர் கலந்த கூலன்ட்டை நிரப்பச் சொல்லுங்கள்.