தங்கையின் நினைவாய் எழுந்த மருத்துவமனை



மறைந்தோரை நினைத்தல் இல்வாழ்வானின் கடமையாகும். இல்லறத்தான் ஓம்ப வேண்டிய ஐவருள் தென்புலத்தாரையே திருவள்ளுவர் முதற்கண் வைத்தார். அந்நினைவு கண்ணீரோடு முடிந்துவிடுவதன்று. பிறர்க்குப் பயன்படும் அறமாய் மலரும்போதே அது நிறைவு பெறுகின்றது.

இன்று கோனேரிராசபுரம் என வழங்கும் திருநல்லத்தில், செம்பியன் மாதேவியார் தம் கணவர் கண்டராதித்த சோழர் பெயரால் கற்றளி எடுப்பித்தார். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பத்தையும், அச்செய்தியைக் கூறும் கல்வெட்டையும் அங்குச் செல்வோர் இன்றும் காணலாம். ஒரு பெண்மணியின் துயரம் ஆயிரம் ஆண்டுகளாய் ஊரார்க்கெல்லாம் வழிபாட்டிடமாய் நிற்கின்றது.

அத்தகைய நினைவுக் கடனைச் சென்ற நூற்றாண்டில் வேறொரு வகையில் ஆற்றியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்த அவர், பெண்கள் கல்லூரி வாயிலை மிதிப்பதே அரிதாயிருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றார்.

அவர்தம் தங்கைக்கு நோய் கண்டது. அதனைச் சீதபேதி என்றே முதலில் கருதினர். அதற்குரிய மருந்துகளையே கொடுத்தும் வந்தனர். அது மலக்குடலில் தோன்றிய புற்றுநோய் என்று தெளிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923இல் இளம் வயதிலேயே அத்தங்கை உயிர் நீத்தார். தமக்கையார் மருத்துவராய் இருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலவில்லை. இதனினும் பெருந்துயரம் ஒரு மருத்துவர்க்கு உண்டோ?

அத்துயரத்தை அம்மையார் நெஞ்சில் பூட்டி வைக்கவில்லை. சட்டமன்றப் பணி, ஆதரவற்ற பெண்களுக்கான ஒளவை இல்லம் எனப் பல தொண்டுகளுக்கிடையிலும் தங்கையை அவர் மறந்தாரல்லர். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் தம் கருத்தை வெளியிட்டார். புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறப்பவரே, அவர்க்கு மருத்துவமனை எதற்கு என்னும் எண்ணம் பரவியிருந்த காலம் அது. அம்மையார் தளராது பொருள் திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தன் பணியைத் தொடங்கியது. தங்கை மறைந்து 31 ஆண்டுகள் கழிந்திருந்தன. அம்மையார்க்கு அப்போது அகவை 67.

அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அப்பணியைத் தம் வாழ்நாள் தவமாய் ஏற்றனர். 1968இல் அம்மையார் மறைந்தார். மருத்துவமனை வளாகத்தையே இல்லமாய்க் கொண்ட சாந்தா அம்மையார் 2021 ஜனவரியில் மறையும்வரை அத்தொண்டினின்று விலகவில்லை. செல்வர், வறியர் என்னும் வேற்றுமையின்றிப் பிணியுற்றோர் இன்றும் அவ்வாயிலை நாடி வருகின்றனர். அவருள் பலர் அத்தங்கையைப் பற்றிக் கேள்விப்பட்டும் இரார். எனினும், நலம் பெற்று வீடு திரும்பும் ஒவ்வொருவரும் அவர்க்கு ஏற்றப்பட்ட ஒரு விளக்கே அல்லரோ!

அன்பர்களே! நம் இல்லங்களிலும் இந்நோய்க்குப் பறிகொடுத்த தாய் தந்தையரையோ உடன்பிறந்தாரையோ நினைத்து விளக்கேற்றுவோர் பலர். திதி நாளன்று அன்னம் இடுகின்றோம், நன்று. ஆயினும் நோயின் பெயரைச் சொல்லவும் கூசி, அதனை மறைத்துப் பேசுகின்றோம். மறைப்பதால் மறைந்தவர்க்கு மதிப்புக் கூடுவதில்லை. இருப்பவர்க்கு எச்சரிக்கைதான் கிடைக்காமற் போகின்றது.

ஆகவே, அந்நினைவு நாளில் வீட்டார் கூடியிருக்கும்போது மறைந்தவரின் நற்குணங்களைப் பேசுக. அவர் நோயுற்ற வரலாற்றையும் பேசுக. மலத்தோடு குருதி போதல், ஆறாத புண், மார்பிலோ பிற இடத்திலோ தோன்றும் கட்டி, நீங்காத குரல் கம்மல் ஆகியவற்றைச் சிறிதென எண்ணாமல் மருத்துவரிடம் காட்டுமாறு இளையோர்க்கு எடுத்துரைக்க. இவை யாவும் புற்றுநோயே என அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் ஆராய்ந்து தெளிதல் வேண்டும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் இந்நோயைப் பலரிடத்தில் குணப்படுத்தவும் இயலும்.

ஒரு தங்கைக்குக் கிட்டாத காலம் பிறர்க்குக் கிட்ட வேண்டும் என்று ஒரு தமக்கையார் உழைத்தார். நாமும் நம்மவர் நினைவால் ஓருயிரையேனும் காப்போமாக. அதுவே தென்புலத்தார் மகிழும் கடனாகும்.