சேமலாப நிதியும் அஸ்வெசுமவும்
(ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



மலையகத்துக்குப் பேச வருகிறவர்கள் எல்லோரும் நாட்சம்பளத்தைப் பற்றியே பேசுவர். நான் இன்று உங்கள் கைக்கு வராத சம்பளத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதுதான் ஊழியர் சேமலாப நிதி.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது இந்நிதி. தொழிலாளியின் உழைப்பூதியத்தில் 8 வீதம் கழிக்கப்படும். தோட்டம் 12 வீதம் சேர்த்துக் கட்டவேண்டும். 2024 செப்டெம்பரில் விதிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்துக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் பங்கு 108 ரூபா. தோட்டத்தின் பங்கு 162 ரூபா. ஆக 270 ரூபா. இது துரைமார் இட்ட பிச்சையன்று. அரசாங்கம் அளித்த தானமுமன்று. மழையிலும் பனியிலும் அட்டைக்கடிக்கிடையே கொழுந்து பறித்த கை, முதுமைக்கென ஒதுக்கி வைத்த கூலி.

இதனுடன் பணிக்கொடையும் உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்தாண்டுக்குக் குறையாது உழைத்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் சம்பளம் சேரும். 1,350 ரூபாவை இறுதிச் சம்பளமாகக் கொண்டு முப்பதாண்டு உழைத்தவருக்கு அது 567,000 ரூபா. ஆகவே, வாழ்நாள் முழுவதும் ஆயிரம் ரூபாத் தாளை எண்ணி எண்ணிச் செலவிட்ட குடும்பத்துக்கு, ஒரே நாளில் பல இலட்சம் வந்துசேருகிறது. இங்கேதான் நாம் விழித்திருக்க வேண்டும்.

ஏன்? 2023 ஜூலையிலே அஸ்வெசும உதவித் திட்டம் தொடங்கியது. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டமே அதற்கு ஆதாரம். 2025 ஜனவரி முதல் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபா வரையும், வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபா வரையும் என உதவித்தொகை உயர்த்தப்பட்டது. யார் வறியவர் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என ஆறு துறைகளில் 22 அளவுகோல்களைக் கொண்டு புள்ளியிடுகிறார்கள்.

ஒரு தாய் எட்டு இலட்சம் ரூபா சேமலாப நிதி பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிதியில் கிடந்தவரை அப்பணம் எவர் கண்ணுக்கும் படவில்லை. வெளியே எடுத்ததும் அது உருவம் கொள்கிறது. ஒழுகும் தகரம் மாறுகிறது. மண் தரை சீமெந்துத் தரையாகிறது. மின்சாரப் பட்டியல் ஏறுகிறது. மிச்சத்தை முற்பணமாகக் கட்டி, மகன் லீசிங்கில் ஒரு வான் எடுக்கிறான். அடுத்த கணக்கெடுப்பில் அதிகாரி காண்பது தரையையும் கூரையையும் வாகனத்தையும். அவற்றின் பின்னால் நிற்கும் லீசிங் கடன் வாசலில் தெரிவதில்லை. புள்ளி மாறினால் மாதம் 10,000 ரூபா நின்றுபோகக்கூடும். ஆண்டுக்கு அது 120,000. ஐந்தாண்டுக்கு ஆறு இலட்சம்! எட்டு இலட்சம் வந்த வழியிலே ஆறு இலட்சம் போய்விடும் என்பதைப் பணம் எடுக்கும் நாளில் அந்தத் தாய்க்குச் சொல்பவர் யார்?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. பிரித்தானியாவில் ஓய்வூதிய வயதை எட்டாதவரின் ஓய்வூதியச் சேமிப்பு, நிதியில் இருக்கும்வரை உதவித்தொகைக் கணக்கில் சேராது. எடுத்து வங்கியில் இட்டால் சேரும். சேமிப்பு 6,000 பவுணைத் தாண்டினால் உதவி குறையும். 16,000 பவுணைத் தாண்டினால் ‘யூனிவர்சல் கிரெடிட்’ உதவியே நின்றுவிடும். அங்கே விதி எண்ணிக்கையில் எழுதப்பட்டிருக்கிறது. எடுப்பவர் முன்கூட்டியே கணக்குப் பார்க்கலாம். இங்கோ லயத்துத் தாய்க்கு அந்த வசதியும் இல்லை.

அப்படியானால் பணத்தை எடுக்கவே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. ஒழுகாத கூரை, உதவித்தொகையைவிட நீண்டகாலம் நிற்கும். கூரைக்காக உதவியை இழக்க நேர்ந்தாலும் அது அறிந்து செய்த தெரிவாக இருக்கட்டும். நான் சொல்வது மூன்றே செய்தி.

முதலாவது, வயது வந்துவிட்டது என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும் நிதியைப் பெறும் உரிமை பிறக்கிறது. வறிய முதியோருக்கான கொடுப்பனவோ 70 வயதில்தான் தொடங்குகிறது. 2025இல் அது 5,000 ரூபாவாக்கப்பட்டது. ஐம்பதில் எடுத்துக் கலியாணத்துக்கும் கடனுக்கும் கொடுத்துவிட்டால், இடையில் உள்ள இருபதாண்டை எதைக்கொண்டு கடப்பது? நிதியில் கிடக்கும் பணத்துக்கு 2022இல் 9 வீதமும் 2023இல் 13 வீதமும் வட்டி சேர்ந்ததை மறவாதீர்கள்.

இரண்டாவது, தேவை சிறிதானால் முழுவதையும் எடுக்காதீர்கள். பத்தாண்டு பங்களித்து, மூன்று இலட்சத்துக்குக் குறையாத மீதி உள்ளவர், வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் வரை முன்னரே பெறலாம். 2012ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதற்கு வழி செய்தது.

மூன்றாவது, எதையும் மறைக்காதீர்கள். மறைத்தவன் அதிகாரியின் முன் தலைகுனிவான். உள்ளதைச் சொன்னவன் நிமிர்ந்து வழக்குரைப்பான். பணம் பெற்ற கடிதம், தகரம் வாங்கிய பற்றுச்சீட்டு, லீசிங் உடன்படிக்கை ஆகிய எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பெயர் நீக்கப்பட்டால் பிரதேச செயலகத்தில் எழுத்திலே மேன்முறையீடு செய்யுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். எழுத்து கோவையிலே நிற்கும்.

தோழர்களே! இம்மூன்றும் தனி மனிதர் செய்ய வேண்டியவை. நாம் ஒன்றுகூடிக் கேட்க வேண்டியவையும் உள. சொந்தச் சேமலாப நிதியால் திருத்திய கூரையும் தரையும் அக்குடும்பத்துக்கு எதிரான புள்ளியாகக் கூடாது. வாகனத்தை எண்ணும்போது அதன்மேல் உள்ள கடனையும் எண்ண வேண்டும். வீட்டுக்கெனப் பணம் கேட்கும் தொழிலாளியிடம் காணிப் பத்திரம் கேட்பதற்கு முன், லயத்தில் பிறந்து லயத்தில் வாழ்கிறவனுக்குக் காணியைக் கொடுக்க வேண்டும். ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் நிற்கும் தாய்மாருக்கு மாதந்தோறும் வருமானம் தரும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

சேமித்தவனைச் சேமித்ததற்காகத் தண்டிக்கும் கணக்கு, கணக்காகலாம், நீதியாகாது. அதை மாற்றும் கடமை நம்முடையது. அதுவரை, கையொப்பமிடுமுன் கணக்குப் பாருங்கள். கணக்குத் தெரியாவிட்டால், தெரிந்த பிள்ளையை அருகில் அழைத்துக்கொள்ளுங்கள்.